பரவியதும் பரவாததும்

அந்த வருஷம் உங்கள் அம்மா பாதி நாள் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் இருந்தாள். மாதவிலக்கு வந்துவிட்டால் தனித்தட்டு, தனிப்பாய் என்று மூன்று நாள் அங்கே ஒதுங்கி இருப்பது அப்போது குரும்பகரத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். அந்த நாட்களில் சமையல் என் அக்காவுடையது. உங்கள் அத்தை வைக்கும் குழம்பில் எப்போதும் புளி தூக்கல். அதனால் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான்.

"அம்மா ஏன் மறுபடி கொல்லைக்குப் போயிருச்சு? இப்பதானே தலைக்குக் குளிச்சுட்டு உள்ள வந்துச்சு?" என்று உங்களில் நடுவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

பெரியவர்கள் எங்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அக்கா, "உடம்புல சூடு. வெந்தயத்தை ஊறவெச்சுக் குடிச்சா நின்னுரும்" என்றாள். வெந்தயம் ஊறியது. இளநீர் வந்தது, சோற்றுக்கற்றாழை வந்தது, வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல் நடந்தது. உதிரப்போக்கு மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் உங்கள் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காரைக்காலில் லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். உங்கள் மாமாவும் துணைக்கு வந்தார்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்து என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

"கர்ப்பப்பை வாயில ஒரு புண்ணு இருக்குங்க. சாதாரணப் புண்ணா, வேறயான்னு பார்த்துச் சொல்ல முடியாது. கொஞ்சூண்டு சதை எடுத்திருக்கேன். பாண்டிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் குடுங்க."

"வேறன்னா என்னங்க டாக்டரம்மா?"

"புற்றுநோயா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் இது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவான்?

எடுத்த சதை ஒரு துவரம்பருப்பு அளவுதான். அதைப் போட்டுக் கொடுக்க அங்கே பாட்டில் தீர்ந்துபோயிருந்தது. "சுத்தமா ஒரு பாட்டில் கொண்டாங்க" என்று நர்சு சொன்னதும் உங்கள் மாமா ஓடிப் போய்க் காலியாக ஒன்று வாங்கி, டீக்கடையில் வெந்நீர் கேட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். அது பிராந்தி பாட்டில். அரை பாட்டில், மேலே ஒட்டிய தாள் கூடக் கிழியவில்லை. உங்கள் மாமா குடிக்கிறவர் இல்லை. ஆனால் நம் ஊரில் பாட்டில் என்றால் அதுதானே? நம் வீட்டு நல்லெண்ணெய் அதில்தான் இருந்தது. மண்ணெண்ணெயும் அதில்தான், பினாயிலும் அதில்தான். நர்சு அதில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, சதையைப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுத்தார். எங்கள் யார் கண்ணுக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

காரைக்காலில் இருந்து பாண்டிச்சேரிக்குப் போவது ஒரே ஆட்சிக்குள் போகிற மாதிரிதான் பேச்சுக்கு இருக்கும். வழியெல்லாம் தமிழ்நாடு. அங்கே சாராயத்தை நிறுத்தியிருந்த சமயம் அது. எல்லை தாண்டியதும் பஸ்ஸை மறித்துப் பை பையாகத் தடவுவார்கள். நானும் உங்கள் மாமாவும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏறிய போலீஸ்காரர் பையைத் தொட்டார், கண்ணாடி தட்டுப்பட்டது, வெளியே எடுத்தார்.

"அரையா? காரைக்கால்காரன் சொந்தக்காரன் வீட்டுக்குப் போனா பூவும் பழமும் வாங்கிட்டுப் போறதில்ல, இதைத்தான்யா தூக்கிட்டுப் போறான்."

"ஐயா, அது மருந்துங்க" என்றேன்.

"எல்லாருக்கும் அது மருந்துதான்."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கீழே இறங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதைக் குடிச்சா கண்ணு அவிஞ்சு போயிரும்டா!" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்தார்.

"ஐயா, கொட்டாதீங்க! உள்ள சதை இருக்கு!" என்று உங்கள் மாமா படியில் இருந்து குதித்தார்.

"என்ன சதை?"

"எங்க அக்காவோட சதைங்க!"

போலீஸ்காரர் பாட்டிலைக் கையை விட்டு உதறினார். மணல் என்பதால் உடையவில்லை. அவர் கையை முழுக்கால் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "முன்னாடியே சொல்லித் தொலைக்க வேணாமாய்யா?" என்றார். "எங்கங்க சொல்ல விட்டீங்க?" என்று உங்கள் மாமா அழுகிற குரலில் கேட்டுக்கொண்டே மண்ணில் தேடினார். கிடைத்தது. பூவரசம் இலையால் எடுத்து, ஊதி, பாட்டிலுக்குள் போட்டார். நான் பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது கோபமா, அழுகையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உங்கள் அம்மாவின் உடம்பில் இருந்த ஒன்று ரோட்டோரம் கிடந்தது. அதை என் மச்சினன் ஊதினான். அதுதான் கண்ணில் நிற்கிறது.

பஸ் புறப்பட்டது. பின் சீட்டில் இருந்த ஒரு ஆள் முன்னால் குனிந்து, "தம்பி, காஞ்சு போனா கெட்டுப் போயிரும். இஸ்கூல்ல பல்லியைக்கூட இதுலதான் போட்டு வெச்சிருக்கான்" என்று சொல்லி வேட்டியைச் சற்றுத் தூக்கினார். கெண்டைக்காலில் கட்டியிருந்தது ஒரு முழு பாட்டில். போலீஸ்காரர் கையில் அகப்படாத அசல் பிராந்தி.

"அத்தான், ஊத்தவா?" என்றார் உங்கள் மாமா.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சதை மூழ்கும் அளவுக்கு அந்த ஆளே ஊற்றினார்.

பாண்டியில் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் மூடியைத் திறந்ததும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நடந்ததைச் சொன்னோம். முதலில் முறைத்தார், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார், கடைசியில் "பாவம்யா" என்றார். பதில் வந்தபோது, இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று வந்தது.

அக்கா வாசற்படியில் நின்று மறித்தாள். "மறுபடியா? டேய் தம்பி, கட்டியில கத்தி பட்டா அது பரவிரும்டா. அடங்கிக் கெடந்ததை உசுப்பி விடுறாப்புல. போலகத்துல என் நாத்தனா புருஷனுக்கு அப்படித்தான் ஆச்சு. வெட்டுற வரைக்கும் வயலுக்குப் போனாரு. வெட்டினாங்க, போய்ச் சேந்துட்டாரு."

அவள் சொன்னது பொய் இல்லை. அவர் வயலுக்குப் போனது நானே பார்த்தது. வெட்டிய பிறகு செத்துப்போனதும் பார்த்தது. ஒரு தடவை வெட்டியாயிற்று. இன்னொரு தடவை வெட்டினால் பரவுமா? வெட்டாமல் விட்டால் பரவாதா? டாக்டரம்மா வெட்டச் சொல்கிறார், அக்கா கண்ணால் கண்டதைச் சொல்கிறாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிவு பண்ணியது உங்கள் அம்மா. "ஒரு தடவை வெட்டிக் குடுத்ததை ஆம்பளைங்க ரெண்டு பேரும் ரோட்டுல கொட்டிட்டு வந்துட்டீங்க. இந்தத் தடவ நானே வர்றேன். அங்கேயே எடுத்துக்கட்டும். எங்கிட்ட இருக்குற வரைக்கும் எவன் கொட்டுறான்னு பாக்குறேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்த பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டாள். அதற்குப் பிறகு அவள் அங்கே போய்ப் படுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

பாண்டியில் இரண்டாம் தடவை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்றார்கள். பக்கத்துச் சதையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் தூரத்துக்குப் போனதாகத் தெரியவில்லை, கரண்டு வைக்கலாம் என்றார்கள். கதிர் வைத்தியத்தை எல்லாரும் கரண்டு என்றுதான் சொன்னோம், நானும் அப்படியே எழுதுகிறேன். தூரத்துக்குப் போகிறதா இல்லையா, இனிமேல் அதுதான் பார்க்க வேண்டியது என்று அங்கிருந்த இளவயது டாக்டர் சொன்னார். போனால் நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும், கழுத்தில் முடிச்சாகத் தெரியும். போகாமல் நின்றால் பிழைப்பு.

அடுத்த கட்டிலில் கிளிஞ்சல்மேட்டில் இருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். கூடையில் மீன் விற்கிறவர். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் நம்மைப் போல வெந்தயம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உதிரம் பட்ட மறு வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஒரே ஒரு தடவைதான் சதை எடுத்தார்கள். நோய் கர்ப்பப்பை வாயோடு நிற்கிறது, சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர்களே பாராட்டினார்கள்.

"தங்கச்சி, ஒனக்கு ரெண்டு தடவ எடுத்தாங்களாமே? ஒண்ணைப் போலீசு மண்ணுல கொட்டுச்சாமே? சொல்லு, சொல்லு, இவளுகளும் கேக்கட்டும்" என்று உங்கள் அம்மாவைக் கிண்டி விடுவார். உங்கள் அம்மா சொல்ல, வார்டு முழுக்கச் சிரிக்கும். "சிரிக்க வைக்காதடி, அடிவயிறு இழுக்குது" என்று சொல்லிவிட்டு அவரே மறுபடி, "அந்தப் பின்சீட்டு ஆளு மீதியைக் குடிச்சானா, இல்லையா? அதைச் சொல்லு" என்பார். கரண்டுக்காகக் கர்ப்பப்பை வாய்க்குள் குழாய் வைத்து, அசையாமல் படுக்கச் சொன்ன நாட்களில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பாமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியதை மறைக்க மாட்டேன். அந்த அம்மா தப்பித்துவிடுவார், நம்முடையதுதான் சந்தேகம் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த அம்மாவின் புருஷன்கூட என்னிடம், "கவலைப்படாதீங்க அண்ணே, தங்கச்சிக்கும் நல்லாயிரும்" என்று தேறுதல் சொன்னார்.

கரண்டு முடிந்து வீடு திரும்பினோம். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர்கள் கருவாடு கொண்டுவருவார்கள், நாம் அரிசி கொண்டுபோவோம். ஒவ்வொரு தடவையும் உங்கள் அம்மா உள்ளே போய் வரும் வரையில் நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஒண்ணுமில்லையாம்" என்று வெளியே வருவாள். அதற்குப் பின்னால் அந்த அம்மா, "எனக்கும் ஒண்ணுமில்லை. இட்லி வாங்கிக் குடுங்க" என்று வருவார்.

ஒரு தடவை அந்த அம்மா உள்ளேயிருந்து வரவில்லை. வெகுநேரம் கழித்து அவர் புருஷனை உள்ளே கூப்பிட்டார்கள். இடது காறை எலும்புக்கு மேலே ஒரு முடிச்சு. படம் எடுத்ததில் நுரையீரலிலும் இருந்தது.

நம்பவே முடியவில்லை. சீக்கிரம் வந்தவருக்குப் பரவிற்று. காலம் கடத்தி வந்த உங்கள் அம்மாவுக்குப் பரவவில்லை. ஒரு வெட்டு வாங்கியவருக்குப் பரவிற்று, இரண்டு வெட்டு வாங்கியவளுக்கு இல்லை. அக்காவிடம் சொன்னேன். "அப்படியா?" என்று யோசித்தவள், "கடல் காத்து ஆகியிருக்காது" என்றாள். கத்தியை விட்டுவிட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அந்த அம்மாவின் புருஷன் சைக்கிளில் குரும்பகரத்துக்கே வந்துவிட்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை. என்னைத் தனியாகக் களத்து மேட்டுப் பக்கம் கூட்டிப் போனார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"அந்தச் சதையைப் பிராந்தியில போட்டீங்கல்ல. அதுனாலதான் தங்கச்சிக்கு நின்னு போச்சா? அதுல இருந்து வேற என்னமும் மருந்து செஞ்சு குடுத்தீங்களா? எதா இருந்தாலும் சொல்லுங்க அண்ணே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் கையைப் பிடித்திருந்தார். கயிறு இழுத்துக் காய்த்த கை. ஒளித்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறேன் என்று அவர் நினைத்தார். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிற்று. "வாங்க, ரெண்டு பேரும் போய் அந்த டாக்டரையே கேட்டுருவோம்" என்று சொல்லிப் பாண்டிக்குக் கூட்டிப் போனேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. இன்று நின்றிருப்பது நாளைக்கும் நிற்குமா என்று.

இளவயது டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நான் விளங்கிக்கொண்ட மட்டும் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் படித்த நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

"கட்டி வளர்றது வேற, கட்டியில இருந்து பிரிஞ்சு வேற இடத்துக்குப் போறது வேற. போக விடாம புடிச்சு வைக்கிறதுக்குன்னே உடம்புல சில ஜீன்கள் இருக்கு. தாய் தகப்பன்கிட்டேருந்து வர்றது. வெளிநாட்டுல எலியை வெச்சு இப்பதான் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. சில பேரோட கட்டியில அது குறைஞ்சு போயிருது. அப்ப நோய் பரவுதுன்னு நினைக்கிறாங்க."

"அப்ப எம் பொண்டாட்டிக்கு அவங்கப்பன் ஆத்தா குடுத்ததே குறையா?" என்றார் அவர்.

"இல்லைங்க. குடுத்தது இருக்கும். ஆனா கட்டிக்குள்ள அது வேலை செய்யுறது குறைஞ்சு போகும்."

"காவக்காரன் இருக்கான், தூங்குறான்."

"அப்படி வெச்சுக்கலாம்."

"யாருங்க அவனைத் தூங்க வெச்சது?"

டாக்டர் பேனாவை மூடினார். "அது எனக்குத் தெரியாதுங்க. உங்க சம்சாரத்துக்கு அதுதான் நடந்துச்சான்னும் தெரியாது. அளந்து பாக்குற வசதி இங்க இல்ல."

"கத்தி பட்டதாலயா?" என்று நான் கேட்டேன்.

"சதை எடுத்ததால இந்த நோய் பரவுறதில்ல."

"பிராந்தி?" என்றார் அவர்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கேட்டவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "இல்லைங்க" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் கேட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து வயல், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரு வரப்பு நிற்கிறது, ஒன்று உடைகிறது, அந்த மாதிரியா என்றேன். அப்படியும் சொல்லலாம் என்றார். ஆனால் வரப்பு உடைந்தால் நான் இறங்கிப் பார்த்து எலி வளையைக் காட்டிவிடுவேனே? இங்கே யார் இறங்கிப் பார்ப்பது? என் சம்சாரத்தின் காவல்காரன் விழித்திருக்கிறானா என்று கேட்டேன். "இதுவரைக்கும் விழிச்சிருக்கான் போலிருக்கு. பரிசோதனைக்கு விடாம வாங்க" என்றார். அந்தப் 'போலிருக்கு' என்ற வார்த்தையையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அவரும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். காரைக்காலில் இறங்கியபோது, "அவ ஒண்ணும் தப்பு பண்ணலல்ல அண்ணே?" என்று கேட்டார். "பண்ணலைங்க" என்றேன். அன்றைக்கு நான் குழப்பம் இல்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த அம்மா உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அக்கா தடுத்தாள்: "போகாதடி. பொழச்சவ போயி அங்க ஒக்காந்தா அது ஒட்டிக்கிட்டு வந்துரும்." உங்கள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றாள். கேரியரில் உட்காரவைத்துக் கிளிஞ்சல்மேட்டுக்கு மிதித்தேன். வழியில், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "திரும்பிரலாமா?" என்றேன். "மிதிங்க" என்றாள்.

அந்த அம்மா சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். மூச்சு இழுத்து இழுத்துத்தான் பேச்சு வந்தது. கழுத்து முடிச்சு தெரியாமல் இருக்க முந்தானையைப் போர்த்தியிருந்தார். உங்கள் அம்மா வாசலிலேயே தயங்கினாள். என்ன சொல்லிக் கும்பிடுவது? நான் நன்றாக இருக்கிறேன் அக்கா என்றா?

"என்னடி நிக்குற? கிட்ட வா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா கையை நீட்டி உங்கள் அம்மாவின் தாவாயைப் பிடித்து வலது பக்கமாகத் திருப்பினார். இடது காறை எலும்பின் மேலே விரலை வைத்தார். அழுத்தினார், கொஞ்சம் தள்ளி அழுத்தினார், எலும்புக்குப் பின்னால் பள்ளத்தில் விரல்நுனியை விட்டுத் துழாவினார். எங்கே எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், தன் கழுத்தில் தினமும் தொட்டுப் பார்க்கிறவர். உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தாள். நானும் அந்த அம்மாவின் புருஷனும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே ஏதாவது தட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொள்வது அந்த வீட்டுக்குள் நின்று செய்கிற காரியமா என்றும் இருந்தது.

மறுபக்கமும் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"ஒண்ணுமில்லடி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, தன் புருஷனைப் பார்த்து மறுபடி சொன்னார்: "இவளுக்கு ஒண்ணுமில்ல." குரலில் பொறாமை இருந்ததா, சந்தோஷம் இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

உங்கள் அம்மா அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். "ஏன்க்கா? எனக்கு நின்னு ஒனக்கு ஏன்க்கா போச்சு?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். அந்த அம்மா அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே, "எனக்கென்னடி தெரியும்" என்றார்.